விண்முகிலின் அடர்த்தியும் அருகிய வரிகளும்

(அறிவியல் தமிழ்ப் பொழிவு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் பாப்புனையலாம், மேடையில் முழங்கலாம். அணுவையும் விண்ணையும் பற்றிப் பேசுவதாயின் ஆங்கிலம்தான் வேண்டும் என்று சொல்வார் இன்றும் உளர். அவர்க்கு விடையாக நம்மவர் கலைச்சொற் பட்டியல்களை எடுத்து நீட்டுகின்றனர். பட்டியல் வேண்டுவதே. ஆயினும், பட்டியலைக் கண்டு வாயடங்கியவர் எவரையும் நான் இதுவரை கண்டிலேன். ஒரு பொருளை அடிமுதல் முடிவரை தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே விளக்கிக் காட்டினால் அவர் அடங்குவார். ஆகவே இன்று மொழியின் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, வானியலில் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துள்ளேன். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் மிதக்கும் ஒரு வளிமுகில் எவ்வளவு செறிவானது என்பதை இங்கிருந்தபடியே எவ்வாறு அளந்தறிகின்றனர்?

மேலையர் ஓரியன் என வழங்கும் வேட்டுவன் உடுக்கூட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுறவத் (தை) திங்கள் இரவில் நிரலாக நிற்கும் மூன்று விண்மீன்கள் அதற்கு அடையாளம். அவை வேட்டுவனின் இடைக்கச்சை. கச்சைக்குத் தெற்கே, தொங்கவிட்ட வாள்போல் மங்கலான சில மீன்கள் தோன்றும். அவற்றுள் நடுவில் உள்ளதை நிலவில்லா இரவில் கூர்ந்து நோக்குக. அது மீன்போல் கூர்மையாகத் தெரியாது. கண்ணாடியில் ஊதிய மூச்சு படிந்தாற்போல் பூத்துத் தெரியும். அதுவே நம் முகில். நீரகமும் எலியமும் மிகுந்தும், உயிர்வளியும் கந்தகமும் பிறவும் சிறிதளவே கலந்தும் உள்ள வளி அது. அதனுள் பிறந்த வெம்மை மிக்க இளைய விண்மீன்கள் தம் புறவூதா ஒளியால் அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பறித்தெறிகின்றன. பறிபட்ட மின்னணுக்கள் அம்முகிலுள் அங்குமிங்கும் பாய்ந்து திரிகின்றன. வளியின் வெம்மை ஏறத்தாழ 10,000 பாகை.

இவ்வளியை ஒரு குப்பியில் அள்ளிவர வழியில்லை. அங்கிருந்து நம்மை வந்தடையும் ஒளி ஒன்றே நமக்குக் கிடைக்கும் சான்று.

அவ்வொளியைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் 1864-இல் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகசுட்டுத் திங்கள் 29-ஆம் நாள் இரவு, இலண்டன் மாநகரின் புறத்தே தம் இல்லத்துத் தொலைநோக்கியில் முப்பட்டகக் கருவியைப் பொருத்தி, வில்லியம் அக்கின்சு என்பார் வடவானத்துச் சிறு முகில் ஒன்றை நோக்கினார். பூனைக்கண் முகில் என்று இன்று அதற்குப் பெயர். விண்மீனின் ஒளியாயின் வானவில்போல் தொடர்ந்து விரிந்திருக்கும். அவர் கண்டதோ, இருளின் நடுவே தனித்து நின்ற பச்சை வரி. மேலும் நோக்க, அதன் அருகே மங்கலாக இன்னும் இரண்டு வரிகள் புலப்பட்டன. இவ்வாறு தனித்தனி வரிகளைத் தருவது செறிவு குறைந்த ஒளிரும் வளியே என்பது ஆய்வகத்தில் முன்னரே தெரிந்திருந்தது. முகில்கள் எல்லாம் தொலைவால் கலங்கித் தெரியும் விண்மீன் கூட்டங்களே என்று அதுவரை எண்ணியோர் பலர். அவற்றுள் சில உண்மையாகவே வளி என்பது அன்றிரவு தெளிவாயிற்று.

மூன்று வரிகளுள் ஒன்று நீரகத்தினது. மற்ற இரண்டும், மீட்டரை நூறு கோடிக் கூறாக்கிய நானோமீட்டர் அளவில் 495.9, 500.7 என்னும் அலைநீளங்களில் நின்ற பச்சை வரிகள். அவை மண்ணுலகில் அறியப்பட்ட எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. அம்முகில்களில் மிக ஒளிர்ந்தவையும் அவையே! அறியாத வரியாயின் அறியாத தனிமமாகத்தானே இருத்தல் வேண்டும் என்று எண்ணி, நெபுலியம் என்று பெயரிட்டனர்.

அவ்வாறு எண்ணியதில் பெரும் பிழையில்லை என்றே சொல்வேன். 1868 ஆகசுட்டு 18-ஆம் நாள் முழு ஞாயிற்று மறைப்பின்போது, பிரான்சு நாட்டு யான்சென் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்துப் போகுசன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் ஞாயிற்றின் விளிம்பொளியைப் பிரித்து நோக்கினர். அவ்வாண்டிறுதியில் இங்கிலாந்தில் இலாக்கியர், ஞாயிற்றொளியில் தோன்றிய மஞ்சள் வரியொன்று தெரிந்த எதனோடும் பொருந்தாமையைக் கண்டார். ஞாயிற்றின் பெயரால் அதனை எலியம் என்றனர். 1895-இல் இராம்சே அதே எலியத்தை மண்ணுலகின் கனிமம் ஒன்றிலிருந்து வெளிப்படுத்தினார். அங்குப் பலித்த வழி இங்கும் பலிக்கும் என்று நம்பினர்.

இங்குப் பலிக்கவில்லை. பெயர் வைத்தாயிற்று; பொருள் மட்டும் அகப்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிமங்களின் அணுவெண் வரிசை தெளிவானபோது, நெபுலியத்துக்கு அவ்வரிசையில் இடமே இல்லை என்பதும் தெளிவாயிற்று. நீரகம் ஒன்று, எலியம் இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் எடை குறைந்த தனிமம் எதையும் இடையில் செருக முடியாது.

1927-இல் கலிபோர்னியாவில் அயரா போவன் என்னும் அறிவியலார் இம்முடிச்சை அவிழ்த்தார். எடை குறைந்த தனிமங்களின் புறவூதா நிறமாலைகளை ஆய்ந்து அவற்றின் ஆற்றல் படிகளைக் கணக்கிட்டு வைத்திருந்தவர் அவர். இரண்டு மின்னணுக்களை இழந்த உயிர்வளி அணுவின் கீழ்ப்படிகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாட்டை எடுத்து அலைநீளமாக மாற்றினார். அந்த இரண்டு பச்சை வரிகளும் அங்கே இருந்தன! நெபுலியம் என்று ஒன்று இல்லவே இல்லை. 63 ஆண்டுகள் அறிஞர்களை அலைக்கழித்த அவ்வொளி, ஆக்சிசன் என்று பிறர் வழங்கும் உயிர்வளியின் ஒளி. இவ்வவையில் நாம் அனைவரும் இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் அதே தனிமம்.

அங்ஙனமாயின், அத்தனை ஆய்வகங்களிலும் உயிர்வளியை ஒளிரச் செய்து பார்த்தவர் கண்ணில் அவ்வரிகள் ஏன் படவில்லை? அடர்த்தியை அளக்கும் முறைக்கு இவ்வினாவின் விடைதான் வேர். ஆதலின் இங்குச் சற்று நிற்போம்.

பாய்ந்து வரும் மின்னணு ஒன்று அணுவின் மீது மோதினால், அணு கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறுகிறது. ஏறியது இறங்க வேண்டும். இறங்கும்போது ஒளி உமிழும். இயல்பான வரிகளைத் தரும் படியில் அணு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரமே தங்கும். நம் பச்சை வரிகளைத் தரும் படியிலோ ஏறத்தாழ 40 நொடி தங்குகிறது. 40 நொடி நமக்குச் சிறிது. அணுவுக்கு அஃது ஓர் ஊழி. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு துகள் நொடிக்குப் பன்னூறு கோடி முறை மற்றொன்றோடு மோதுகிறது. அத்தகைய நெரிசலில் 40 நொடி ஒளிக்காகக் காத்திருக்க எந்த அணுவால் இயலும்? மோதிய மின்னணுவே அவ்வாற்றலைத் திரும்பப் பறித்துக்கொண்டு போய்விடும். அணு ஒளி உமிழாமலே இறங்கிவிடும். ஆய்வகத்து வெற்றிடக் குழாயும் இவ்வகையில் நெரிசல் மிக்க சந்தையே. விண்முகிலில்தான் அணுவுக்குப் போதிய தனிமை வாய்க்கிறது.

இவ்வரிகளை ஆங்கிலத்தில் ‘தடுக்கப்பட்டவை’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். நம்மவரும் சொல்லுக்குச் சொல் வைத்து ‘விலக்கப்பட்ட வரி’ என்கின்றனர். இதனைத் தமிழ்ச்செவி எவ்வாறு கேட்கும்? வரிவிலக்கு என்றால் அரசின் வரவு செலவுக் கணக்கன்றோ நினைவுக்கு வருகிறது! அது கிடக்க, பொருளும் பிழைபடுகிறது. விலக்கப்பட்டதாயின் அது நிகழலாகாது. இதுவோ வான் முழுதும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. உண்மை யாதெனின், ஒளி உமிழ்வதற்கு அணுவிடத்தே பெருவாயில் ஒன்றும் சிறு வழிகள் சிலவும் உள. இப்படிகளில் ஏறிய அணுவுக்குப் பெருவாயில் அடைபட்டிருக்கிறது. கோயிற் கதவு சாத்திய பின் திட்டிவாயில் வழியே ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறுவதுபோல், ஒளி மெல்ல வெளியேறுகிறது. வெளியேறல் அரிது, இல்லாததன்று. நம் இலக்கண உரையாசிரியர்கள் எங்கோ சிலவிடத்து மட்டும் வழங்குவதை ‘அருகிய வழக்கு’ என்றனர். பிழை என்று தள்ளினாரல்லர். அருகி வரும் என்றே குறித்தனர். அந்தச் சொல் இங்கு அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகிறது. ஆதலின் இவற்றை ‘அருகிய வரி’ என்கிறேன். தனித்தமிழ் அன்பர்கட்கு ஒன்று சொல்வேன், சினவற்க. அயற்சொல்லின் எழுத்தை உரித்துவிட்டுத் தமிழெழுத்தை உடுத்துவதும், அயற்சொல்லின் பொருளை ஆராயாது பெயர்ப்பதும் ஏறத்தாழ ஒரே வேலைதான்.

இனி அளவைக்கு வருவோம். அணு பொறுமையாகக் காத்திருக்கும் நேரம் ஒருபுறம். அதன்மீது மின்னணு மோதும் இடைவெளி மறுபுறம். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் நெரிசல் விளங்கிவிடும். நெரிசல்தானே அடர்த்தி? ஆயினும் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு இதனைச் செய்ய இயலாது. அது மங்கியிருப்பது நெரிசலாலா, அத்தனிமம் குறைவாக இருப்பதாலா, முகில் தொலைவில் இருப்பதாலா என்று பிரித்தறிய முடியாது. எனவே இரட்டையராகப் பிறந்த இரண்டு வரிகள் வேண்டும்.

ஒரு மின்னணுவை இழந்த கந்தக அணு அத்தகைய இரட்டையைத் தருகிறது. 671.6, 673.1 நானோமீட்டர் அலைநீளங்களில் சிவப்பு நிறத்தில் அருகருகே நிற்கும் வரிகள் அவை. அவற்றைத் தரும் மேற்படிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் உள்ளன. முதற்படியில் ஆறு இருக்கைகள், மற்றதில் நான்கு. வேறுபாடு பொறுமையில் இருக்கிறது. முதற்படியில் ஏறிய அணு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். மற்றதில் ஏறியது ஏறத்தாழ 20 மணித்துளிகளில் விட்டுவிடும்.

பாணர் பதின்மர் ஓர் ஊருக்கு வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அறுவர் நிதானிகள்; யாழைத் திருத்தி முடிக்கவே அவர்க்கு ஒரு மணி வேண்டும். நால்வர்க்கு 20 மணித்துளி போதும். எவர் தோளிலேனும் ஆள் இடித்துவிட்டால் அவர் பாடாமலே எழுந்து போய்விடுவார். ஊர் அமைதியாக இருந்தால் பதின்மரும் பாடுவர். ஆறு பாட்டுக்கு நான்கு பாட்டு என்று காதில் விழும். திருவிழா நெரிசலாயின்? நிதானிகளுள் பாடி முடிப்பவர் மிகச் சிலர். விரைவாளர் பாட்டே மிகுதியாகக் கேட்கும். ஊருக்கு வெளியே நின்று இரு திறத்துப் பாட்டையும் எண்ணுகிறவன், உள்ளே எட்டிப் பாராமலே கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடலாம்.

கந்தக வரிகளும் அவ்வாறே. பள்ளிக் கணக்கில் விகிதம் என வழங்கும் தகவு இங்கு நமக்குக் கருவி. முகில் மிக அரிதாக இருக்கும்போது 671.6 வரியின் ஒளியை 673.1 வரியின் ஒளியால் வகுத்தால் விடை 1.5-ஐ ஒட்டி வரும், ஆறுக்கு நான்கு. மிகச் செறிந்த முகிலில் அது 0.44 அளவுக்கு இறங்கி நின்றுவிடும். இடையில், ஒரு கன செண்டிமீட்டரில், அஃதாவது ஒரு சுண்டைக்காய் அடங்கும் இடத்தில், ஐந்நூறை ஒட்டிய எண்ணிக்கையில் மின்னணுக்கள் இருந்தால் இரு வரிகளும் ஒத்த ஒளியோடு நிற்கும். அவ்விடத்தில் 100 மின்னணுக்கள்தாம் எனின், ஏறிய கந்தக அணு இடிபடாமல் அரை நாளுக்கும் மேலாகத் தங்கலாம். 10,000 எனின் 10 மணித்துளி அளவிலேயே இடிபடும். அதே சுண்டைக்காய் அளவு காற்றில் உள்ள துகள்களின் எண்ணிக்கை இரண்டரைக் கோடியே கோடிக்கு நூறாயிரம் மடங்கு அல்லவா என்று எவரேனும் கேட்கலாம். எழுதினால் 25-க்குப் பின் பதினெட்டுச் சுழிகள். நாம் அளப்பது அத்துணை வெறுமையை.

இம்முறையில் நான் பெரிதும் வியப்பது, பிற இடையூறுகள் தாமே விலகி நிற்பதைத்தான். இரு படிகளும் ஒரே உயரத்தில் உள்ளமையால், வளியின் வெம்மை கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஏறத்தாழ ஒருசேர மாறும். தகவு பெரிதும் பிறழாது. வழியில் உள்ள விண்தூசு, மாலை ஞாயிற்றைச் சிவக்கச் செய்வதுபோல், நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் விழுங்கும். ஆனால் இவ்விரு வரிகளும் ஒன்றரை நானோமீட்டர் இடைவெளியில் நிற்பதால் இரண்டையும் ஒரே அளவாக விழுங்கும். இரண்டும் ஒரே தனிமத்தின் ஒரே நிலையிலிருந்து வருவதால், கந்தகம் எவ்வளவு உள்ளது என்ற வினாவே எழாது. தொலைவும் அடிபட்டுப் போகும். எஞ்சி நிற்பது அடர்த்தி ஒன்றே.

உயிர்வளியிலும் இத்தகைய இரட்டை உண்டு. ஒரு மின்னணுவை இழந்த உயிர்வளி 372.6, 372.9 நானோமீட்டரில் தரும் வரிகள் அவை. அவற்றின் பொறுமை இன்னும் மிகுதி: ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம், மற்றதற்கு இரண்டு மணிக்குக் குறைவு. 1957-இல் இங்கிலாந்தின் சீட்டனும் அமெரிக்காவின் ஆசுட்டர்பிராக்கும் இவ்விரட்டையின் தகவு அடர்த்தியோடு எவ்வாறு மாறும் என்று கணக்கிட்டுத் தந்தனர். 1959-இல் ஆசுட்டர்பிராக்கு, பிளாதர் என்பாரோடு சேர்ந்து வேட்டுவ முகிலின் பல இடங்களை இம்முறையால் அளந்தார். நடுவில் உள்ள வெம்மை மிக்க விண்மீன்களை அடுத்து, சுண்டைக்காய் அளவுக்கு 10,000-ஐயும் தாண்டிய அடர்த்தி. வெளியே போகப்போகச் சில நூறாகக் குறைகிறது.

அவ்வாய்வில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. முகிலின் சராசரி அடர்த்தியை வேறு வழியாலும் மதிப்பிடலாம்: முகில் விடும் மொத்த வானொலி அலைகளை அளந்து, முகிலின் பருமனையும் சேர்த்துக் கணக்கிடுவது அவ்வழி. அந்தக் கணக்கு தந்த அடர்த்தி, வரிகள் தந்த அடர்த்தியைவிட மிகக் குறைவு. இரண்டில் ஒன்று பொய்யா? இரண்டும் மெய்யே. களத்தில் நெல்லைப் பரப்பி உலர்த்தினால் களம் முழுதும் ஒரே கனத்தில் நெல் இருக்கும். அதே நெல்லைப் பொலிபொலியாகக் குவித்தால் குவியலில் நெல்லும் இடையே வெறுந்தரையும் இருக்கும். வேட்டுவ முகில் குவியல்களால் ஆயது. ஒளியைத் தரும் செறிந்த வளி முகிலின் பரும அளவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கையே நிரப்புகிறது என்று அவர்கள் கண்டனர்.

ஒளிப்படத்தைப் பார்த்து இதனைச் சொல்லியிருக்க முடியாது. இதனால் முகிலின் எடைக்கணக்கே மாறுகிறது. நீரகத்தின் ஒளி, மின்னணுவும் அணுக்கருவும் சந்திப்பதால் பிறப்பது. ஆகவே அடர்த்தி இருமடங்கானால் அதே இடத்திலிருந்து வரும் ஒளி நான்மடங்காகும். குறிப்பிட்ட அளவு ஒளியைத் தரச் செறிந்த வளி சிறிதளவு போதும். அரிய வளியாயின் மிகுதியாக வேண்டும். அடர்த்தியை அறியாமல் ஒளியை மட்டும் கண்டு எடையைச் சொன்னால் அது குறிகாரன் வாக்குத்தான்.

முறைக்கு எல்லையும் உண்டு. அடர்த்தி 100-க்குக் கீழே போனால் கந்தகத் தகவு 1.5-இன் அருகே அசையாது நின்றுவிடும். 10,000-ஐ மிகத் தாண்டினால் 0.44-இல் நின்றுவிடும். மிகச் செறிந்த முகில்களுக்கு அதனினும் பொறுமை குறைந்த இரட்டைகளை நாட வேண்டும். குளோரினின் 551.8, 553.8 வரிகளும் ஆர்கானின் 471.1, 474.0 வரிகளும் அதற்குப் பயன்படுகின்றன. இவ்விரண்டு தனிமங்கட்கும் அனைவரும் ஏற்ற தமிழ்ப்பெயர் நிலைபெறும்வரை ஒலிபெயர்த்தே சொல்கிறேன். பெயருக்காகக் கணக்கை நிறுத்திவைக்க வேண்டா.

ஆசுட்டர்பிராக்கு காலத்தில் ஒளிப்படத் தகட்டில் ஓரிடம் ஓரிடமாக வரிகளைப் பதித்து அளந்தனர். இன்று சிலி நாட்டு மலையுச்சியில் உள்ள பெருந்தொலைநோக்கியின் கருவியொன்று, முகிலின் பரப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலையாக ஒருசேரப் பதிவு செய்கிறது. வேட்டுவ முகிலின் நடுப்பகுதிக்கு அடர்த்தி வரைபடமே அதனால் தீட்டப்பட்டது. 2021-ஆம் ஆண்டிறுதியில் ஏவப்பட்ட யேம்சு வெப்பு விண்தொலைநோக்கி, அண்டத்தின் இளமைக் காலத்து விண்மீன்திரள்களின் ஒளியிலும் இதே இரட்டைகளைப் பிரித்துக் காட்டுகிறது. அக்காலத்துத் திரள்களில் வளி இன்றைய திரள்களில் உள்ளதைவிடச் செறிந்து கிடந்தது என்பது அவ்வரிகளின் தகவால் தெரிய வருகிறது.

நம் நாட்டில் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி இயங்குகிறது. நிறமாலைக் கருவியும் உண்டு. இங்கே இருக்கும் மாணவர் எவர்க்கேனும் வேட்டுவ முகிலின் சிவப்பு நிறமாலை வரைபடம் ஒன்று கைக்கு வருமாயின், 671.6, 673.1 ஆகிய இரு முகடுகளையும் தேடுக; நீரகத்தின் பெரிய சிவப்பு முகட்டைக் கடந்ததும் அடுத்தடுத்து நிற்கும். அளவுகோலை வைத்து இரண்டின் உயரத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பார்க்க. முகிலின் நடுவில் எடுத்த வரைபடமாயின் விடை 0.6-ஐ ஒட்டி வரும். விளிம்பில் எடுத்ததாயின் 1-ஐத் தாண்டும்.